கொட்டகைக்கு வெளியே வாழும் படங்கள்: தமிழரின் 'பிடித்த படம்' உருவாகும் விதம்

1. கேள்வி

எக்காலத்துக்கும் பிடித்த படம் எது என்று கேட்டால் எவரும் உடனே ஒரு தலைப்பைச் சொல்லிவிடுவார்கள். ஏன் பிடிக்கிறது என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் வேறு வடிவம் எடுக்கிறது. கதைச் சுருக்கம் வருவதில்லை. இயக்குநரைப் பற்றிய பேச்சும் அபூர்வம். சொல்பவர் குரலை மாற்றி ஒரு வசனத்தைப் பேசிக் காட்டுகிறார், அல்லது ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். பக்கத்தில் இருப்பவர் அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுக்கிறார். இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சாட்சி சொல்ல மூன்று நிமிடம்தான் முன்வருகிறது.

இந்த மூன்று நிமிடத்தை ரசனைக் குறைவின் அடையாளமாகக் கருதி ஒதுக்குவது விமர்சகர்களின் வழக்கம். முழுப்படத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள் துண்டுகளைக் கொண்டாடுகிறார்கள் என்பது அவர்களுடைய குறை. இக்கட்டுரை அந்தத் துண்டுகளிலிருந்தே தொடங்குகிறது. தமிழில் ஒரு படத்தின் மீதான நீண்டகாலப் பிரியம் கொட்டகையில் அரும்பலாம். அது வளர்வதும் நிலைப்பதும் வெளியில்தான். படத்திலிருந்து பிய்த்தெடுத்து, இன்னொருவரோடு சேர்ந்து நிகழ்த்திப் பார்க்கக்கூடிய பகுதி எந்தப் படத்தில் இருக்கிறதோ அந்தப் படம் தலைமுறை தாண்டுகிறது. எந்தப் பகுதி பிய்ந்து வரும் என்பதை அந்தந்தக் காலத்து ஊடகம் பெரிதும் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் இக்கட்டுரையின் வாதங்கள்.

2. இதுவரையிலான விளக்கங்கள்

முதல் விளக்கம் தரம் சார்ந்தது. நல்ல படம் காலத்தை வெல்லும், மோசமான படம் மறக்கப்படும் என்பது அதன் சாரம். இதைச் சோதிக்க 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் வாக்கெடுப்பு உதவும். பிரிட்டனிலிருந்து வெளிவரும் அந்த இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் மிகச் சிறந்த படங்களைக் கேட்டுப் பட்டியலிடுகிறது. 1952இல் முதலிடம் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்துக்கு. 1962 முதல் 2002 வரை ஐந்து முறை 'சிட்டிசன் கேன்'. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 2022இல் சாந்தால் அகர்மான் 1975இல் எடுத்த 'ஜான் தீல்மான்'. இடைப்பட்ட ஆண்டுகளில் படங்கள் மாறவில்லை. வாக்களித்தவர்களும் அவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தவையும் மாறின. 2012இல் எண்ணூற்றுச் சொச்சமாக இருந்த வாக்காளர்கள் 2022இல் ஆயிரத்து அறுநூறைத் தாண்டினார்கள். தரம் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு விமர்சகர்களின் பட்டியலே சான்று. மேலும், 'சிறந்தது' என்று மதிப்பதும் 'பிடித்தது' என்று உறவு கொண்டாடுவதும் வேறுவேறு செயல்கள்.

இரண்டாம் விளக்கம் நட்சத்திரம் சார்ந்தது. தமிழ் சினிமா பற்றிய ஆய்வுகளில் வலுவான மரபு இதுதான். அரசியல் தொடர்பு ஊடகமாகத் தமிழ்த் திரைப்படத்தை ஆராய்ந்த கார்த்திகேசு சிவத்தம்பியின் நூல் 1981இல் வந்தது. எம்.ஜி.ஆரின் பிம்பம் ஏழை மக்களிடம் எப்படி வேரூன்றியது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதினார். மதுரை நகரத்து ஏழைகள் சினிமா பார்க்கும் விதத்தைக் களஆய்வு செய்த சாரா டிக்கியின் நூல் 1993இல் வெளியானது. சினிமா மோகத்தை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடாமல் சமூக வரலாற்றுக்குள் வைத்துப் பேசியது இம்மரபின் சாதனை. ஆனால் ஒரு நட்சத்திரத்தின் பல படங்களுள் சில மட்டும் ஏன் நிலைக்கின்றன என்பதை நட்சத்திரத்தைக் கொண்டு விளக்க முடியாது. சிவாஜி கணேசன் ஏறத்தாழ முந்நூறு படங்களில் நடித்தார். இன்று பேச்சில் புழங்குபவை அவற்றில் ஒரு சிறு பங்கு. அவற்றுள் ஒன்றான 'திருவிளையாடல்' படத்தில் அதிகம் பேசிக்காட்டப்படும் பாத்திரங்களில் ஒன்று நாகேஷின் தருமி.

மூன்றாம் விளக்கம் உளவியலிலிருந்து வருகிறது. இளமையில் கேட்டதும் பார்த்ததும் மனத்தில் தங்கிவிடுகின்றன என்பது அது. ஹோல்புரூக், ஷிண்ட்லர் ஆகிய இருவர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் தங்கள் இருபத்து நான்காம் வயதையொட்டி வெளிவந்த பாடல்களையே அதிகம் விரும்புகிறார்கள் என்று கண்டது. ஒரு தலைமுறைக்கு இளையராஜாவும் அடுத்த தலைமுறைக்கு ரகுமானும் உயிராக இருப்பதை இது ஓரளவு விளக்கும். ஆனால் 1965இல் வந்த படத்தின் காட்சியை 2000க்குப் பின் பிறந்தவர்கள் பேசிக்காட்டுவதை இது விளக்காது. திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதாலேயே ஒன்றன்மீது விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஸையான்ஸ் 1968இல் ஆய்வுக்கூடத்தில் காட்டியது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. திரும்ப எதிர்ப்பட வைத்தது எது, யார், எந்த வழியில் என்பவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே உள்ள கேள்விகள். அவற்றுக்கு வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

3. காது வழியே வந்த படங்கள்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலான தமிழர்களுக்கு ஒரு படத்தை நினைத்தபோது மறுபடி பார்க்க வழியில்லை. டூரிங் டாக்கீசுக்கு ஒரு படம் வரும். சில நாள் ஓடும். பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊரில் தங்குபவை பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும்தான். 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தக் கொட்டகைக்குப் போக வாய்க்காத பெருங்கூட்டத்திடம் அப்படத்தைக் கொண்டுசேர்த்தது தியாகராஜ பாகவதரின் குரல் பதிந்த தட்டு.

பாட்டுக்கு இருந்த இந்த வசதியை 1952இல் 'பராசக்தி' வசனத்துக்கும் பெற்றுத்தந்தது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசனின் முதல் படமாக அது அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்தது. சென்னை மூர் மார்க்கெட்டில் தெருவோரக் கலைஞர்கள் அதன் நீண்ட வசனங்களை ஒப்பித்துக் காசு வாங்கினார்கள் என்று திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் பதிவு செய்திருக்கிறார். இந்தச் செய்தியைத் திராவிட இயக்கத்தின் பரப்புரை வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது சரியே. கூடவே வேறொன்றும் இதில் தெரிகிறது. சினிமாவின் ஒரு பகுதி திரையையும் நடிகரையும் விட்டு விலகி, நடைபாதையில் நிற்கும் ஒருவரின் தொண்டைக்குள் குடியேறிவிட்டது. அதைக் கேட்கக் காசு போட்டவர்களில் பலர் படத்தை ஏற்கெனவே பார்த்தவர்களாகவே இருந்திருப்பார்கள். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக அவர்கள் அங்கே நின்றிருக்க முடியாது.

இதன் அடுத்த கட்டம் வானொலி ஒலிச்சித்திரம். ஒரு முழுநீளப் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி, காட்சி மாறும் இடங்களில் அறிவிப்பாளரின் இணைப்புரையோடு ஒலிபரப்புவார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. சென்னை வானொலிக்கும் ஒலிச்சித்திரத்துக்கென்று நேயர்கள் இருந்தார்கள். 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போன்றவற்றின் கதை வசன இசைத்தட்டுகள் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மைக்செட்டில் முழங்கின. கேசட் வந்தபின் இது உச்சத்தைத் தொட்டது. 1984இல் வந்த 'விதி' படத்துக்கு ஆரூர்தாஸ் எழுதிய நீதிமன்ற வசனங்கள் கேசட்டாக வெளிவந்து டீக்கடைகளில் ஓடிக்கொண்டேயிருந்தன. வாய்தாவுக்கு வாய்தா வளரும் வழக்கை, முகம் எதையும் பார்க்காமல், டம்ளரைக் கையில் பிடித்தபடி மக்கள் கேட்டார்கள்.

இந்த ஊடகம் எல்லாப் படங்களையும் ஒரே கண்ணோடு பார்க்கவில்லை. வாதம் நடக்கும் படங்கள், குடும்பச் சண்டைப் படங்கள், புராணப் படங்கள் காதில் முழுசாக இறங்கின. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' கேசட்டில் எதையும் பெரிதாக இழக்கவில்லை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' இழந்தது. அதன் மௌனத்தைத் தட்டில் பதிக்க முடியாது. ஐம்பதுகள் முதல் எண்பதுகள் வரையிலான படங்களில் 'மறக்க முடியாதவை' என்று நாம் போடும் பட்டியலில் வசனப் படங்கள் மிகுந்திருப்பதற்குத் தமிழரின் பேச்சு மோகம் காரணம் என்பார்கள். இருக்கலாம். காட்சியை வீட்டுக்கு எடுத்துப்போக அந்தக் காலத்தில் கருவி இல்லை, ஒலியை எடுத்துப்போக இருந்தது என்பது இன்னும் நேரடியான காரணம்.

4. ஒரு துண்டின் அமைப்பு: தருமியும் வாழைப்பழமும்

வாய்ப்புக் கிடைத்த துண்டுகள் எல்லாமே நிலைக்கவில்லை. நிலைத்தவற்றின் கட்டுமானத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்பது பயன் தரும்.

ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' 1965இல் வந்தது. தருமி கதைக்கு மூலம் திருவிளையாடல் புராணம். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற பாண்டியனின் ஐயம், அதைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன், வறுமையில் வாடும் தருமிக்கு இறைவன் எழுதித் தரும் செய்யுள், அதில் நக்கீரர் காணும் குற்றம் என்று கதை போகும். அந்தச் செய்யுள் இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இன்றும் இருக்கிறது. புராணத்தில் கதையின் பாரம் இறைவனுக்கும் நக்கீரருக்கும் நடக்கும் வாதத்தில் இருக்கிறது. தருமி ஒரு நிமித்தம் மட்டுமே. படத்திலும் உச்சக்காட்சி அந்த வாதம்தான். நக்கீரராக நடித்தவர் இயக்குநர் நாகராஜனே. பள்ளி மேடைகளில் அந்த வாதமும் நடிக்கப்படுகிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் புழங்குவது தருமி. கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்பும் ஏழைப் புலவன், பாட்டுத் தர வந்தவனையே சோதிக்க நினைத்துக் கேள்விகளாக அடுக்கும் இடத்தை ரசிகர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

அந்தக் கேள்வி பதில் காட்சியில் நான்கு இயல்புகளைக் காணலாம். முதலாவது, முன்கதை தெரியாதவருக்கும் புரியும். இரண்டாவது, கண்ணை மூடிக்கொண்டாலும் முழுமையாகவே இருக்கும். நாகேஷின் உடல்மொழி அபாரம் என்றாலும், பதற்றமும் அசட்டுத் துணிச்சலும் குரலிலேயே வந்துவிடுகின்றன. மூன்றாவது, அதில் இருவருக்கு வேலை இருக்கிறது. ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல வேண்டும். எவரும் எந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நான்காவது, வாழ்க்கையில் பொருத்திப் பார்க்கும் வசதி. அடுத்தவர் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்து மாட்டிக்கொண்ட எவரையும் குறிக்கத் தருமி என்ற ஒரே பெயர் போதும்.

கால் நூற்றாண்டு கழித்து, 1989இல் கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' வந்தது. அதன் வாழைப்பழக் காட்சியிலும் இதே நான்கும் உள்ளன. இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லி கவுண்டமணி காசு கொடுக்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொடுக்கிறார். இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். கேள்வி எத்தனை முறை வந்தாலும் பதில் மாறுவதில்லை. ஏறுவதெல்லாம் கேட்பவரின் கோபம். செந்திலின் பதிலைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை என்பதுதான் காட்சியின் சூட்சுமம். கொடுத்த காசுக்குக் கணக்கு வராத இடங்களில் எல்லாம், வீட்டுச் செலவு முதல் அரசாங்கத்து நிதி வரை, இந்தக் காட்சி இன்றும் மேற்கோளாகிறது. வேலை வாங்குபவன் அறிவாளி, வேலை செய்பவன் முட்டாள் என்ற ஏற்பாட்டை வாதத்தாலேயே கவிழ்த்துவிடுகிற எளியவன் இரண்டு காட்சிகளிலும் இருக்கிறான். தருமி தோற்றுக்கொண்டே மனத்தைக் கவர்கிறான். செந்தில் அடிவாங்கிக்கொண்டே ஜெயிக்கிறார்.

இங்கே ஒரு வரலாற்று நகர்வையும் தற்காலிகக் கருதுகோளாக வைக்கலாம். ஐம்பதுகளில் பிய்த்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் தனிப்பேச்சுகள். 'பராசக்தி' நீதிமன்ற உரையை ஒருவர் நிகழ்த்த, மற்றவர்கள் கேட்க வேண்டும். அது மேடையின் காலம். 1959இன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையோடு நடக்கும் வாதத்தில் எதிர்க்குரல் உண்டு. ஆனால் அந்தக் குரலுக்கு வேலை, பதில் வாங்கிக்கொள்வது மட்டும்தான். அறுபதுகளின் நடுவிலிருந்து இரு குரலும் சமமாக விளையாடும் துண்டுகள் பெருகுகின்றன. கேட்டுக்கொண்டிருந்த ரசிகருக்கு ஒரு பாத்திரம் கிடைக்கிறது. பிடித்த படத்தின் மீதான உரிமையுணர்ச்சி இந்தப் பாத்திரத்தோடு சேர்ந்தே வருகிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

5. தோற்ற படங்களின் மறுவருகை

வெளியான சமயத்தில் தோற்று, பிறகு பிடித்த படமானவை நம் வாதத்துக்கு நல்ல சோதனை. நட்சத்திர ஈர்ப்பு, விளம்பரம், வெளியீட்டு நேரப் பரபரப்பு ஆகிய எதுவும் அவற்றின் பிற்கால வாழ்வுக்குக் காரணமாக இருக்க முடியாது.

அமெரிக்காவில் இரண்டு உதாரணங்கள் புகழ்பெற்றவை. ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' 1946இல் வந்து எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். தொலைக்காட்சி நிலையங்கள் அதை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் திரும்பத் திரும்பப் போட்டன. சில ஆண்டுகளில் அது பண்டிகையின் பகுதியாகவே ஆகிவிட்டது. 1994இல் வந்த 'தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றும் கொட்டகையில் கூட்டம் சேர்க்கவில்லை. வீடியோ கேசட்டும், 1997 முதல் கேபிள் தொலைக்காட்சியின் ஓயாத ஒளிபரப்பும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தன. பின்னர் ஐஎம்டிபி ரசிகர் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்து நிலைத்தது. மறுபடி பார்க்கக் கிடைத்ததே பிரியத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. காப்புரிமை காலாவதியான படங்கள் எத்தனையோ உண்டு. அவை எல்லாம் பண்டிகைப் படங்கள் ஆகிவிடவில்லை. கிடைப்பதும் வேண்டும், கிடைத்ததில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கவும் வேண்டும்.

தமிழில் 'அன்பே சிவம்' இவற்றுக்கு நிகரானது. 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் தோற்றது. தொலைக்காட்சி வழியே மெல்ல மெல்ல இன்றைய இடத்தைப் பிடித்தது. புவனேஸ்வரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில் நல்லசிவமும் அன்பரசுவும் பேசிக்கொண்டே வருவது அதன் முதுகெலும்பு. விளம்பர இடைவேளைக்குப் பின் எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஒரு வாதம் நடந்துகொண்டிருக்கும். கொட்டகையில் நீளமாகத் தெரிந்திருக்கக்கூடிய இந்த அமைப்பு, துண்டு துண்டாகப் பார்க்கும் வீட்டுக்கூடத்தில் அனுகூலமாகிவிட்டது.

'குணா' 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு போட்டியிட்டு வந்து வணிகத்தில் பின்தங்கியது. அதன் கடிதப் பாடலில் ஒருவன் சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதுகிறாள். அவன் பேச்சாகச் சொன்னது அவள் வாயில் பாட்டாகிறது. இளையராஜா பேச்சையும் பாட்டையும் பின்னிய விதத்தில் அந்தப் பாடலே ஒரு குறுநாடகம். படத்தைப் பார்த்திராதவர்களும் அதை இருவராகப் பிரித்துப் பாடினார்கள். 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 'குணா'வின் கொடைக்கானல் குகையையும் இந்தப் பாடலையும் தன் கதையின் நடுவில் வைத்தபோது தமிழ்க் கொட்டகைகளில் எழுந்த ஆரவாரம், முப்பது ஆண்டுகளாகக் கொட்டகைக்கு வெளியே வளர்ந்திருந்த பிரியத்தின் வெளிப்பாடு.

'கர்ணன்' கதையும் இத்தகையதே. பி.ஆர். பந்துலு பெருஞ்செலவில் எடுத்து 1964 பொங்கலுக்கு வெளியிட்டார். செலவுக்கேற்ற வெற்றி கிட்டவில்லை. குருக்ஷேத்திரத்தில் கண்ணன் வந்து நிற்கும் கட்டத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பாட்டு மட்டும் ஓயவேயில்லை. இழவு வீட்டு மைக்செட்டிலும் அது ஒலித்தது. 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைக் கடந்து ஓடியது. வந்தவர்கள் பாட்டாகவும் வசனமாகவும் பாதிப் படத்தை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். மீதிப் பாதியைப் பெரிய திரையில் பார்க்க வந்தார்கள்.

6. காதிலிருந்து முகத்துக்கு

கைப்பேசியும் சமூக ஊடகமும் வந்தபின் பிய்த்தெடுக்கும் முறை மாறியிருக்கிறது. ஒலியை மட்டும் எடுத்துப்போன காலம் போய், அசையாத ஒரு முகத்தை எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. வடிவேலுவின் முகபாவங்கள் இன்று தமிழரின் பொதுச்சொத்து. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் அவர் நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும். பதினெட்டு ஆண்டு கழித்து, 2019 மே மாதம், ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் நேசமணியின் தலைக்காயத்தை நிஜச் செய்திபோலப் பதிலில் எழுத, நலம் விசாரிக்கத் தொடங்கிய கூட்டம் ட்விட்டரில் உலகப் போக்காகவே வளர்ந்தது. அப்போதும் நடந்தது பழைய விளையாட்டுதான்: ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் தொடர்ந்தார்.

ஆனால் தேர்வுமுறை மாறிவிட்டது. சிவாஜியின் மூன்று நிமிட வசனம் மீமுக்கு உதவாது. அரை நொடி முகச்சுளிப்பு உதவும். நாளைய தலைமுறையின் பிடித்த படப் பட்டியலில் நீதிமன்றக் காட்சிகள் குறைந்து, முகங்கள் நிறைந்த படங்கள் கூடினால் அதை ரசனையின் வீழ்ச்சி என்றோ வளர்ச்சி என்றோ சொல்வதற்கு முன் ஊடகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 ஏப்ரலில் 'கில்லி' இருபது ஆண்டு நிறைவில் மீண்டும் வெளியானபோது கொட்டகையில் ரசிகர்கள் திரையை முந்திக்கொண்டு வசனம் பேசினார்கள். வெளியில் புழங்கிய துண்டுகள் முழுப்படத்துக்குள் திரும்பி வந்து பொருந்திய தருணம் அது.

7. எதிர்ச்சான்றுகள்

இந்த வாதத்துக்கு அடங்காத படங்களும் உண்டு. பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) பாடல் இல்லாத படம். பேசிக்காட்ட அதில் ஒன்றும் இல்லை. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தள்ளாத வயதில் தனியாக வரும் தாத்தா சுவர்களைத் தடவிக்கொண்டு அறை அறையாக நடப்பார். சொக்கலிங்க பாகவதரின் அந்த நடையை யாரும் யாருக்கும் நிகழ்த்திக் காட்ட முடியாது. ஆனாலும் அப்படத்தை உயிராக நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொகை குறைவு, பிரியம் ஆழமானது. அந்தப் பிரியத்தை அவர்கள் பெரும்பாலும் தனியாகவே வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இங்கே விளக்கப்படுவது பலர் கூடிப் பங்கிட்டுக்கொள்ளும் பிரியத்தை மட்டுமே. பிரியம் அனைத்தையும் அல்ல.

இரண்டாவது எதிர்ச்சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. 1995இல் வந்த 'முத்து' 1998இல் டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. மொழி தெரியாத ரசிகர்களிடம் வசனத்துண்டு வேலை செய்திருக்க வழியில்லை. அங்கே ரசிகர்கள் பிய்த்தெடுத்துக்கொண்டவை நடனமும் தோள்துண்டை வீசும் பாணியும். துண்டின் வகை மாறியது, தேவை மாறவில்லை. மொழியைச் சார்ந்ததாக நாம் நினைக்கும் காரணம், சேர்ந்து செய்து பார்க்கும் வாய்ப்பையே அதிகம் சார்ந்தது என்பதை இது காட்டுகிறது.

மூன்றாவது, எம்.ஜி.ஆர். படங்கள். அவற்றின் நீடித்த செல்வாக்குக்கு அரசியலும் பிம்பமும் காரணம் என்பதை மறுப்பது கடினம். ஆனாலும் அவற்றையும் அவருடைய தத்துவப் பாடல்களிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பாண்டியன் விளக்கிய பிம்பம் ஊர் ஊராகப் பயணம் போனது அந்தப் பாட்டுகளின் வழியாகத்தான்.

8. துண்டாக நேசிப்பதன் விலை

இதுவரை சொன்னவை துண்டுகளுக்குப் பாராட்டுப் பத்திரமாகத் தொனிக்கலாம். அவற்றுக்கு ஒரு விலையும் உண்டு. 'பராசக்தி' நீதிமன்றத்தில் அண்ணன் குணசேகரனோடு தங்கை கல்யாணியின் வழக்கும் நடக்கிறது. பசியாலும் ஆண்களின் தொல்லையாலும் விரட்டப்பட்டு, தன் குழந்தையைக் கொல்லத் துணிந்ததாக நிற்கும் இளம் விதவை அவள். கதையின் துயரம் முழுதும் அவளுடையது. அவளும் மன்றத்தில் பேசுகிறாள். எழுபது ஆண்டுகளாக மாறுவேடப் போட்டிகளில் திரும்பத் திரும்ப நிற்பவன் குணசேகரன். எதுகை மோனையோடு கணீரென்று பேசப்பட்டது பிய்ந்து வந்தது. உடைந்த குரலில் சொல்லப்பட்டது படத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

கவுண்டமணி–செந்தில் துண்டுகளில் வேறொரு சிக்கல். நிறத்தையும் உடலையும் சொல்லி ஏசுவதும் எட்டி உதைப்பதும் அந்த நகைச்சுவையின் அன்றாடம். முழுப்படமாகப் பார்க்கும்போது முதலாளி–எடுபிடி உறவு சூழலோடு தெரியும். கேலி யார் மேல் என்ற கேள்வியாவது எழும். மூன்று நிமிடமாக வெட்டியபின் வசைச்சொல் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. எளியவன் ஜெயிக்கும் காட்சியை நேசிக்கிறோம். அதே துண்டு இன்னொரு எளியவனை அடிக்கவும் பயன்படுகிறது. பிடித்த படம் என்பதாலேயே இதைப் பேசத் தயங்குகிறோம்.

9. முடிவுரை

தரம், நட்சத்திரம், இளமை நினைவு ஆகிய மூன்று விளக்கங்களும் பார்வையாளரைத் திரைக்கு எதிரே தனியாக உட்கார வைத்துப் பேசுகின்றன. தமிழ் அனுபவம் அவரை வேறிடங்களில் காட்டுகிறது: மூர் மார்க்கெட் நடைபாதையில், டீக்கடை பெஞ்சில், இழவு வீட்டு வாசலில், கைப்பேசிக் குழுவில். அங்கெல்லாம் அவரோடு இன்னொருவர் இருக்கிறார். படம் பிடித்திருக்கிறது என்பதற்கு அங்கே கிடைக்கும் உறுதிச்சீட்டு, தொடங்கிய வசனத்தை அடுத்தவர் முடித்துவைப்பது.

இதை ஏற்றால் தமிழ் சினிமா வரலாற்றை எழுதும் முறையிலும் சில மாற்றங்கள் தேவைப்படும். வெளியான தேதி, ஓடிய நாள், பெற்ற விருது ஆகியவற்றோடு ஒரு படத்தின் கதை வசனப் புத்தகம், இசைத்தட்டு, ஒலிச்சித்திரம், கேசட், தொலைக்காட்சி ஒளிபரப்பு, மீம் என்ற மறுவாழ்வையும் ஆவணப்படுத்த வேண்டும். கதை வசன கேசட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் இன்று பழைய சாமான் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. நூலகங்கள் அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. எக்காலத்துக்கும் பிடித்த படங்கள் எவை என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் போடலாம். அந்தப் படங்கள் எந்தக் கை வழியே, எந்தக் குரல் வழியே நம்மிடம் வந்தன, வரும் வழியில் யாருடைய பேச்சு உதிர்ந்துபோனது என்று எழுத, அந்தச் சான்றுகள் குப்பைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.